கஞ்சி போட்ட முண்டும் ஒரு ஜன்னலும்

மார்பளவுத் தண்ணீர். காலுக்கடியில் சேறு, பிசைந்து வைத்த மாவு போல. தலையில் ஒரு கறுப்புப் பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். காதில் ஹெட்போன். மட்டாஞ்சேரிக் காயலில், இடிந்துபோன ஒரு படகு ஜெட்டியின் மரக்குற்றிகளுக்கு நடுவே நானும் ஒரு குற்றியாக நிற்கிறேன்.

கர்க்கடக மாதம், அதாவது ஆடி. காலையெல்லாம் கொட்டிய மழை மதியத்துக்கு மேல் கொஞ்சம் விட்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். எதிரே வெலிங்டன் தீவு இருக்கிற இடத்தில், பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி ஒரு கோடுதான் தெரிந்தது. கிழக்கே ஆறுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்த பாயல், அதாவது ஆகாயத்தாமரை, பச்சைப் பச்சைத் திட்டுகளாக மிதந்து வரும். என் நெஞ்சில் முட்டும். கொஞ்சம் நின்று யோசிக்கும். அப்புறம் என்னைச் சுற்றிக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விடும்.

அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒரு வஞ்சி வருகிறது. வஞ்சி என்றால் எங்கள் ஊரில் சின்னத் தோணி. பின்னால் ஒருவர் நின்று கோல் ஊன்றுகிறார். நடுவில் வெள்ளை முண்டை இடுப்பிலும் தோளிலுமாக உடுத்திய ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். முகம்கூடச் சரியாகத் தெரியாத தூரம். ஆனால் அவர் மூச்சு விடுவது என் காதுக்குள் கேட்கிறது. இரண்டு மூச்சுக்கு நடுவில் அவர் எச்சில் விழுங்குவது கேட்கிறது.

அந்த அம்மா இப்போது பேசப் போகிறார். முப்பது வருஷமாக சினிமாவில் இருக்கிறவர். ஆனால் சினிமாவில் அவர் குரலை ஒருத்தரும் கேட்டதில்லை.

துணி பேசுகிற பாஷை

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தை முதல்முறை படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் லொக்கேஷன் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். நடிகர்கள் பேசுவதை அப்புறம் ஸ்டுடியோவில் வைத்துப் பேச வைக்காமல், ஷூட்டிங் நடக்கிற இடத்திலேயே பிடிக்கிறவன். படிப்பு ஐந்தாம் கிளாஸ். அதிலும் பாதிதான். ஆனால் பெரிய பெரிய இன்ஸ்டிட்யூட்டில் படித்து வந்தவர்கள், காற்றடிக்கிற கடற்கரையில் மாட்டிக்கொண்டால் எனக்குத்தான் போன் போடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போன் என் கையில்தானே அடிக்கிறது.

காது எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கல்லிலிருந்து வந்தது. துணி வெளுக்கிற கல்.

எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்து துணி வெளுத்தவர்கள். அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோருக்கும் அதுதான் வேலை. நான் பிறந்ததும் துணிகளுக்கு நடுவில்தான். ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தத்தை வைத்தே அது மல்லா, பாப்ளினா, ஹோட்டல் விரிப்பா, ஆஸ்பத்திரி உடுப்பா என்று சொல்லிவிடுவேன். காய்ந்த துணியை உதறினால் இன்னும் சுலபம். கஞ்சி போட்ட துணி அதிகம் பேசும். போடாத துணி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதில் கல்லை விட்டு ஓடி ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். கோயில் திருவிழா, பள்ளிவாசல் நேர்ச்சை, சர்ச் பெருநாள், எல்லாச் சாமிக்கும் நான்தான் குழாய் கட்டினேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'மைக் அண்ணாச்சி'. அங்கிருந்து கேசட், டெலிவிஷன், அப்புறம் சினிமா. யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

நாற்பது வருஷத்தில் ஒரு விஷயம் மட்டும் நான் செய்ததில்லை. 'சவுண்டுக்காக இன்னொரு டேக் வேண்டும்' என்று கேட்டதில்லை. கேமராக்காரர்கள் கேட்பார்கள், நடிகர்கள் கேட்பார்கள். நான் கேட்டதில்லை. முதல் தடவையிலேயே பிடித்துவிடுவேன். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன். அது என் ஸ்டைல். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது என் கணக்கு.

மெடிக்கல் ஷாப்பில் என் மானம் போன கதை

வயர்லெஸ் மைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. குன்றிமணி அளவு ஒரு மைக்கைச் சட்டைக்குள் மறைத்து ஒட்டுவோம். அதிலிருந்து ஒரு ஒயர் இடுப்பில் கட்டிய தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டி அலையை அனுப்பும், என் பையில் இருக்கிற ரிசீவர் அதைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெட்டிக்கு மூன்று விரோதிகள். காற்று, வியர்வை, தண்ணீர்.

காற்றுக்கு மைக்கின் தலையில் பூனைமுடி மாதிரி ஒரு குட்டித் தொப்பி போடுவோம். வியர்வைக்கு என்ன செய்வது? பெட்டியை ஆணுறைக்குள் போட்டு முடிச்சுப் போட வேண்டியதுதான். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க எங்கள் தொழிலில் அப்படித்தான். மெல்லிசாக இருக்கும், ஒரு சொட்டு உள்ளே போகாது, அலையையும் தடுக்காது.

கஷ்டம் என்னவென்றால், அதை நான்தான் போய் வாங்க வேண்டும். அறுபது வயது மனுஷன், நெற்றியில் விபூதி. மட்டாஞ்சேரி மெடிக்கல் ஷாப்பில் ஒரு சேட்டன் இருப்பார்.

"அண்ணாச்சி, இந்த மாசம் இது மூணாமத்தெ டஜன்."

"மழைக்காலமாச்சே சேட்டா. வேலை அதிகம்."

"மழைக்காலத்துலதான் அதிகமா?"

"வெயில் காலத்துலயும் உண்டு. வியர்க்கும்லா."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தடவை போனபோது ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அந்த மரியாதை இன்றுவரை தொடர்கிறது. நானும் ஏன் என்று விளக்கவில்லை.

மூன்றாவது விரோதி தண்ணீர். ஆணுறை பெட்டியைக் காப்பாற்றும், அலையைக் காப்பாற்றாது. தண்ணீர் அலையைக் குடித்துவிடும். நனைந்த மனுஷ உடம்பும் குடிக்கும். வஞ்சியில் காயலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவரிடமிருந்து வருகிற அலைக்கு ஆயுசு குறைவு. போதாததற்கு எங்களுக்கு எதிரே துறைமுகம். கப்பல், இழுவைப் படகு, சரக்குப் படகு எல்லாம் அவரவர் பாட்டுக்கு ரேடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள். காலையில் எழுந்து காலி அலை எது என்று தேடி வைத்திருப்பேன். மதியம் ஒரு கப்பல் வந்து அதில் உட்கார்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் இடுப்புப் பெட்டியே தனக்குள்ளும் ஒரு பிரதி பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. அலை அறுந்தாலும் பயமில்லை. அந்த வஞ்சிக் காட்சி எடுத்த நாளில் என்னிடம் இருந்தது பழைய ரகம். வந்ததைப் பிடித்தால் உண்டு, விட்டால் போச்சு.

செல்லம்மா சேச்சி

அவர் நிஜப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செல்லம்மா சேச்சி என்று வைத்துக்கொள்வோம்.

கொச்சியில், சுள்ளிக்கல்லில் பிறந்து வளர்ந்தவர். எங்களைப் போலவே தமிழ் வீடு. அவர் அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். சேச்சி நாடகத்தில் ஆரம்பித்து சினிமாவுக்கு வந்தார். நல்ல முகம். அழ வேண்டிய இடத்தில் அழாமல் நின்றே அழ வைக்கிற முகம். ஆனால் மலையாளம் பேசும்போது எங்கள் எல்லோரையும் போல அவர் நாக்கிலும் தமிழ் கொஞ்சம் இழுக்கும். அதனால் முதல் படத்திலேயே அவர் குரலை எடுத்துவிட்டு வேறொரு அம்மாவைப் பேச வைத்தார்கள். அடுத்த படத்திலும் அதே. அப்படியே பழகிவிட்டது. தியேட்டரில் செல்லம்மா சேச்சி வாயைத் திறந்தால் வருவது அடுத்த ஊர்க்காரியின் குரல்.

"பஸ்ல ஆராவது அடையாளம் கண்டுபிடிச்சுப் பேச வருவாங்க அண்ணாச்சி," என்று ஒருநாள் சொன்னார். "நான் பதில் சொன்ன உடனே அவங்க முகம் மாறும். 'அவங்க இல்லை போலிருக்கு'ன்னு போயிடுவாங்க."

இந்த வஞ்சி வருகிற படத்தின் டைரக்டர் எர்ணாகுளத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவள்தான் பிடிவாதமாக நின்றாள். இந்தக் கதாபாத்திரம் கொச்சிக்காரி, கொச்சிக்காரியின் நாக்குதான் வேண்டும், சேச்சியின் சொந்தக் குரல்தான் வேண்டும், அதற்கு அண்ணாச்சிதான் வேண்டும் என்றாள். நல்ல விவரமுள்ள பெண்.

ஷூட்டிங் பாதி நடந்தபோது சேச்சிக்குத் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, குரல் நாண்மேல் ஏதோ வளர்ந்திருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் எப்படி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதுவரை கூடியமட்டும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

ஆபரேஷன் திங்கட்கிழமை. நான் சொல்கிற நாள் வெள்ளிக்கிழமை. படத்தில் அவர் பேச வேண்டியது இன்னும் ஒரே ஒரு காட்சி, இந்த வஞ்சிக் காட்சி. அதுதான் படத்தின் உயிர். வீட்டை விற்றுவிட்டு ஒரு அம்மா காயலைக் கடக்கிறாள். போகிற வழியில் அந்த வீட்டைப் பற்றி வஞ்சிக்காரனிடம் சொல்கிறாள். அது பிடிபடவில்லை என்றால், தயாரிப்பாளர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி, மொத்தப் படத்துக்கும் பழைய குரல்காரியை வரவழைத்துவிடுவார்கள். பாதிக்கு ஒரு குரல், பாதிக்கு ஒரு குரல் என்று விட மாட்டார்களே.

அதாவது, வெள்ளிக்கிழமை விட்டால் அந்த அம்மாவின் குரல் சினிமாவில் எந்தக் காலத்திலும் வராது.

சத்தமில்லாத ஒத்திகை

கேமரா ஜெட்டிப் பக்கத்துச் சுக்குக் குடோனின் மாடியில். அங்கிருந்து பார்த்தால் பரந்த காயல், அதில் ஒரே ஒரு வஞ்சி. வேறு படகு எதுவும் தெரியக்கூடாது. பெரிய மைக்கைக் கம்பில் கட்டி நீட்ட இடமில்லை. வயர்லெஸ்தான் கதி. நான் ரிசீவரோடு ஜெட்டி ஓரத்தில் நின்றுகொண்டேன்.

சேச்சியின் தொண்டையைக் காப்பாற்ற ஒத்திகை சத்தமில்லாமல் நடந்தது. வஞ்சி போகும், அவர் உதட்டை மட்டும் அசைப்பார். வஞ்சிக்காரர் சேவியர் சேட்டன் கோல் ஊன்ற, வஞ்சி நகர்ந்தது. நான் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினேன்.

அப்பளம் நொறுக்குகிற சத்தம்.

சேச்சி மூச்சு விட்டால் ஒரு சரசரப்பு. கை தூக்கினால் ஒரு பட்பட். காற்று ஒரு தடவை முண்டின் ஓரத்தைத் தூக்கியது, யாரோ பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி என் காதில் திணித்த மாதிரி இருந்தது. மூச்சு, தண்ணீர், கோல் எதுவும் கேட்கவில்லை. துணி மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கஞ்சி. அதுவும் சாதாரணக் கஞ்சி இல்லை. ஒரு தடவை போட்டு, உலர்த்தி, மறுபடி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்த ரெட்டைக் கஞ்சி. எங்கள் வெளுப்புக் கூடத்தில் அது கல்யாண மாப்பிள்ளைக்கும், கோயில் தந்திரிக்கும், ரொம்ப மதிக்கிறவர்களுக்கும் மட்டும் போடுவது.

முந்தின வாரம் எடுத்த காட்சியிலும் சேச்சிக்கு அதே முண்டுதான். சேறு பட்டிருந்ததால் வெளுக்க வேண்டியிருந்தது. வெளியே கொடுக்காமல், நானே என் மதினியிடம், அதாவது அண்ணன் பெண்டாட்டியிடம் கொடுத்து, கஞ்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

மதினி ஷூட்டிங் பார்க்க வந்து, ஜெட்டியில்தான் நின்றுகொண்டிருந்தார். புதுச் சேலை, தலையில் பூ. முகத்தில் பெருமை.

"மதினி, கஞ்சி போட வேண்டாம்னு பறஞ்சேனா இல்லையா?"

"பறஞ்சீங்க."

"பின்னெ?"

"நாடே அறிஞ்ச பொம்பளை. முப்பது வருஷமா படத்துல பாக்கேன். அவங்களுக்கு நனைஞ்ச கோழி மாதிரி முண்டு குடுக்கவா? ஆள் யாருன்னு தெரியாம வெளுத்தவள்னு ஊரே என்னைப் பேசும்."

"ஊர் பேசாது மதினி. முண்டுதான் பேசுது."

அவருக்குப் புரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். தூரத்தில் சேச்சி தோளைச் சரிசெய்தார். மதினியின் முகத்தில் இருந்த பெருமை, வெயில் இறங்குவது போல மெதுவாக இறங்கியது.

"ஐயோ. நானா இது?" என்றார், மெதுவாக.

திட்ட வேண்டும் என்று நான் வாயைத் திறந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். மரியாதை செய்யத்தானே செய்தார். எங்களிடம் மரியாதை என்றால் அது கஞ்சிதான். கையில் வேறென்ன இருக்கிறது.

சாயாக்கடை வெந்நீர்

வேறு முண்டு கிடையாது. போன வாரக் காட்சியோடு ஒட்ட, ஓரத்துக் கசவுச் சரிகைக் கோடுவரை அதே முண்டுதான் வேண்டும். மேற்கே மழை மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. டைரக்டர் பெண் வாட்ச்சைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். தயாரிப்பாளரின் ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து, "டப்பிங் பார்க்கலாமே மேடம்" என்று ஆரம்பித்தார். சேச்சி, கரைக்குத் திரும்பிய வஞ்சியில் உட்கார்ந்தபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க முடியாது, பேசக்கூடாதே.

மதினிதான் முதலில் அசைந்தார்.

"கொழுந்தனாரே, சும்மா நிக்காதீங்க. வெந்நீர் வேணும். கஞ்சி பச்சைத் தண்ணிக்கு அடங்காது."

ஜெட்டி முக்கில் ஒரு சாயாக்கடை. அங்கே கொதித்துக்கொண்டிருந்த மொத்த வெந்நீரையும் வாங்கினோம். சாயாவுக்குக் காத்திருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். சேச்சி குடோனுக்குள் போய் வேறு உடுத்திக்கொண்டார். மதினி சேலையைத் தூக்கிச் செருகி, குடோன் முற்றத்துச் சிமெண்டுத் தரையிலேயே முண்டைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். வெள்ளையாகக் கஞ்சி இறங்கி ஓடியது. நானும் குனிந்தேன். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் என் கை துணியில் பட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம். சோறு வடித்த வாசனை அந்தச் சுக்குக் குடோன் முழுக்கப் பரவியது.

உலர்த்த நேரமில்லை. ஈரத்தோடு உதறினேன். சத்தமே இல்லை. வாயை மூடிக்கொண்டுவிட்டது.

"ஈரமா இருக்கும் சேச்சி," என்றேன்.

அவர் முண்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். வெந்நீரின் சூடு அதில் மிச்சமிருந்தது. போய் உடுத்திக்கொண்டு வந்தார். மைக்கை ரவிக்கைக்குள் ஒட்டியது மதினிதான். நான் வெளியில் நின்று சொல்லச் சொல்ல அவர் ஒட்டினார்.

இப்போது அடுத்த கஷ்டம். முண்டு ஈரம், உடம்பு ஈரம். ஜெட்டியிலிருந்து கேட்டுப் பார்த்தேன். வஞ்சி பாதி தூரம் போவதற்குள் அலை இருமி இருமி நின்றது. நான் பக்கத்தில் போக வேண்டும். படகில் போனால் படத்தில் தெரியும். மீதி இருப்பது தண்ணீர்தான்.

பழைய ஜெட்டியின் குற்றிகள் காயலுக்குள் கொஞ்ச தூரம் போகின்றன. சட்டையைக் கழற்றினேன். ரிசீவரும் ரெக்கார்டரும் இருக்கிற பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

மாடியிலிருந்து டைரக்டர் பெண் சத்தம் கொடுத்தாள். "அங்கிளே, ஃப்ரேமில் நீங்க ஒரு குற்றி மாதிரித்தான் இருக்கீங்க. தலைமேல ஒரு நீர்க்காகம் உட்கார்ந்த மாதிரி. அசையாம நின்னா போதும்."

சேவியர் சேட்டன் வஞ்சியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, கரிமீன் வந்து எங்கயாவது கொத்தினாலும் கத்தப்பிடாது கேட்டோ."

அந்தப் படத்தில் இன்றும் என்னைப் பார்க்கலாம். இடமிருந்து நான்காவது குற்றி.

காதுக்குள் ஒரு வீடு

வஞ்சி வந்துகொண்டிருந்தது என்று ஆரம்பத்தில் சொன்னேன். வந்தது.

முதலில் மூச்சு. அப்புறம் கோல் தண்ணீரைத் தொடுகிற சத்தம், யாரோ தூக்கத்தில் உதட்டைப் பிரிக்கிற மாதிரி. அப்புறம் சேச்சி பேச ஆரம்பித்தார்.

அந்தக் குரலை எப்படி எழுதுவது? கரகரப்பு இருந்தது. கொஞ்சம் இழுத்தது. மணலில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் கால் பதித்து எடுத்து வந்தது. என் அம்மா பேசுகிற மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய். எங்கள் தெருவில் எல்லோருமே பேசுகிற மாதிரி இருந்தது. சினிமாவில் அந்த மாதிரிப் பேச்சை நான் அதுவரை கேட்டதே இல்லை. காய்கறி விற்கிறவளைக் கிண்டல் செய்கிற காட்சியைத் தவிர.

அடுக்களைப் புகையைச் சொன்னார். கிணற்றின் கயிற்றைச் சொன்னார். தண்ணீர் என் நெஞ்சைச் சுற்றி வெதுவெதுப்பாக இருந்தது. பாயல் வந்து முட்டியது, போனது. எனக்கு நான் நிற்கிற இடம் மறந்துவிட்டது. தண்ணீருக்குள் ஒரு வீடு இருந்தது. அதன் அறைகளில் நான் நடந்துகொண்டிருந்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.

"அந்த வீடு எனக்கு ஒண்ணும் தரல்ல," என்றார் சேச்சி. "ஒரு..."

அங்கே ஒன்றுமில்லை. அறுந்த நூல் போல ஒரு வெறுமை.

"...தந்தது."

கண்ணைத் திறந்தேன். வஞ்சிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெரிய குற்றி நின்றது. ஊறிப்போன, தண்ணீர் குடித்த மரம். வஞ்சி நகர்ந்து அதன் பின்னால் போனபோது படத்தில் தெரியாதபடி நான் மெல்ல இரண்டடி வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். கண் திறந்திருந்தால் நகர்ந்திருப்பேன்.

"கட். ஓகே," என்றாள் டைரக்டர் பெண். மாடியில் யாரோ கைதட்டினார்கள். சேச்சி வஞ்சியில் குனிந்து ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலி. சேவியர் சேட்டன் கோலை விட்டுவிட்டு அவருக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணாச்சி? சவுண்ட் ஓகே தானே?"

அந்த வெறுமையைக் கேட்டது நான் மட்டும்தான். மாடிக்கு ஹெட்போன் கிடையாது. 'ஓகே' என்று சொன்னால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். எடிட்டிங்கில் யாராவது கண்டுபிடிக்கும்போது சேச்சி ஆஸ்பத்திரியில் இருப்பார். அலை, கப்பல், துறைமுகம் என்று ஆயிரம் பேர்மேல் பழி போடலாம். யாரும் என்னைக் கேட்க முடியாது.

நாற்பது வருஷப் பெருமை என் வாயை எவ்வளவு நேரம் மூடி வைத்திருந்தது என்று தெரியவில்லை. தண்ணீரில் நிற்கும்போது நேரம் தெரியாது.

"ஒரு வார்த்தை போச்சு," என்றேன்.

"என்ன?"

"ஒரு வார்த்தை இல்லை. ஜன்னல். 'ஒரு ஜன்னல் தந்தது'ன்னு சொன்னதுல ஜன்னல் இல்லை." அப்புறம் அதையும் சொன்னேன். "தப்பு என்மேல. கண்ணை மூடிட்டேன்."

மழை முதல் துளிகளைக் காயலில் போட ஆரம்பித்திருந்தது. இன்னொரு டேக் எடுக்க நேரமும் இல்லை, அந்தத் தொண்டையில் இடமும் இல்லை.

சேச்சி சேவியர் சேட்டனின் முண்டைப் பிடித்து இழுத்து, என் பக்கம் கை காட்டினார். வஞ்சி என் குற்றியை ஒட்டி வந்து நின்றது. அவர் விளிம்பில் கை ஊன்றிக் குனிந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. என் தலையில் பை, அவர் தலையில் மழைத்துளி.

"அதை மட்டும் தரட்டா?" என்று உதட்டால் கேட்டார்.

நான் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுத் தலையாட்டினேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

"அந்த வீடு எனக்கு ஒண்ணும் தரல்ல," என்றார், எனக்கு மட்டும் சொல்வது போல. "ஒரு ஜன்னல் தந்தது."

அப்புறம் அவர் கை தொண்டைக்குப் போனது. நான் பையைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். மழை வந்து எல்லாவற்றையும் மூடியது.

எர்ணாகுளத்தில் ஒரு மேட்னி

அந்த ஒரு வார்த்தையை எடிட்டிங்கில் சேர்த்துவிட்டார்கள். படத்தில் வஞ்சி தூரத்தில் போகும். குரலும் தூரத்திலிருந்து வரும். 'ஜன்னல்' மட்டும் பக்கத்தில் வந்து காதில் விழும். இதைப் பெரிய கலை என்று ஒருத்தர் மலையாளப் பத்திரிகையில் எழுதினார். என்னைப் பேட்டி எடுக்க வந்தவர்களிடம் நானும் ஆமாம், என் ஐடியாதான் என்று சொல்லியிருக்கிறேன். இல்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வளர்ந்தது கெட்டது இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் குரல் திரும்பவில்லை. காற்று மட்டும்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

படம் வந்ததும் எர்ணாகுளத்தில் ஒரு மதியக் காட்சிக்கு அவரும் நானும் மதினியும் போனோம். மதினி நடுவில் உட்காரவில்லை. சேச்சிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எல்லோருக்கும் முந்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். திரையில் சேச்சி பேச ஆரம்பித்ததும் மதினி மெல்லுவதை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளிடம், "இது அவங்க சொந்தக் குரலா?" என்று கேட்டாள். மற்றவள், "பின்னெ யாரோடது" என்றாள்.

வஞ்சிக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, சேச்சியைப் பார்த்தேன். திரையில் பேசப் பேச அவர் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது, சத்தமில்லாத ஒத்திகை மாதிரி.

படம் முடிந்து விளக்கு வந்தது. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். யாரோ அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள், கைதட்டல் எங்கள் பக்கம் திரும்பியது. சேச்சி என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதருகே ஏதோ சொன்னார்.

கேட்கவில்லை. அவ்வளவு சத்தம்.

"என்ன சேச்சி?"

அவர் மறுபடி சொன்னார். மூச்சின் சூடு காதில் பட்டது, வார்த்தை விழவில்லை. உதட்டைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் அழுதுகொண்டிருந்தார், உதடு கோணிவிட்டது. மூன்றாவது தடவையும் சொன்னார், அதுவும் விழவில்லை.

நான் தலையாட்டினேன்.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கைதட்டுகிறவர்களைப் பார்க்கத் திரும்பினார்.